முதல் கல்யாணம் எடுக்கப் போகும் தம்பிக்கு

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் பழைய கேமரா ஒன்றும் 50 எம்.எம். லென்ஸும் இருக்கிறதாம். ஆவணியில் நண்பனுடைய அக்கா கல்யாணத்தை எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்களாம். அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம், எவ்வளவு பணம் கேட்கலாம், ஆரம்பத்தில் நீங்களெல்லாம் என்ன தப்புப் பண்ணினீர்கள் என்பது அவர் கேள்வி. நான் பாளையங்கோட்டையில் இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் கேமராவைத் தொட்டதே இல்லை, வீடியோக்காரருக்கு லைட் பிடித்தேன். லென்ஸ் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தனியாக நான் எடுத்த மூன்றாவது கல்யாணம் ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமத்தில். படங்கள் நன்றாகவே வந்திருந்தன. ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணுடைய அப்பா திண்ணையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, எங்க மச்சினன் சீரு கொண்டு வந்தது எந்தப் பக்கத்துல இருக்கு?"

இல்லை. தாய்மாமன் மேளதாளத்தோடு தாம்பாளங்களை எடுத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்து வந்தபோது, நான் மாடியில் மணப்பெண் அறையில் இருந்தேன். கண்ணாடி முன்னால் பெண் ஜிமிக்கி மாட்டுவதை விதவிதமாக எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே மேளச் சத்தம் காதில் விழத்தான் செய்தது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் யாரோ வருகிறார்கள், வீடியோக்காரர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். அந்த மாமா கொத்தனார் வேலை பார்ப்பவர். "ஒரு வருசமா சேத்து வச்சுச் செஞ்ச சீரு தம்பி, அவன் வந்து கேட்டா நான் எதக் காட்டுவேன்?" என்று மட்டும் பெண்ணுடைய அப்பா சொன்னார். மீதிப் பணத்தை எண்ணி என் கையில் வைத்தார், காப்பியும் கொடுத்து அனுப்பினார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்றைக்கு என் கேமராவில் ஒரு குறையும் கிடையாது. எனக்கு அந்தக் கல்யாணம் தெரியவில்லை, அவ்வளவுதான். கேமராவைப் படிக்கும் நேரத்தில் பாதியையாவது கல்யாணத்தைப் படிக்கச் செலவிடுங்கள் என்று என்னிடம் வரும் ஒவ்வொரு பையனிடமும் சொல்கிறேன்.

எப்படிப் படிப்பது? கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு வீட்டுக்கும் போங்கள். மாப்பிள்ளையிடமும் பெண்ணிடமும் பேசினால் போதாது, சடங்கு வரிசை அவர்களுக்கே பாதிதான் தெரியும். வீட்டில் மூத்த பெண்மணி யாரோ, ஆச்சியோ பெரியம்மையோ, அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பந்தக்கால் எப்போது நடுகிறீர்கள், நலங்கு வீட்டிலா மண்டபத்திலா, மாப்பிள்ளை அழைப்பு எந்தக் கோயிலிலிருந்து, சீர் யார் யார் கொண்டு வருகிறார்கள், எந்த வாசல் வழியாக வருவார்கள், மூன்றாவது முடிச்சுப் போடப்போகும் நாத்தனார் யார், அம்மி மிதிக்கும்போது மெட்டி யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று வரிசையாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பத்து மைல் தள்ளிப் போனாலே முறை மாறும். ஒரு வீட்டில் சுருள் (பணம் வைத்துக் கொடுக்கும் முறை) கொடுப்பது பெரிய சடங்காக நடக்கும், அடுத்த வீட்டில் அந்தப் பேச்சே இருக்காது. கடைசியாக ஒரு கேள்வி: "ஆச்சி, யார் படம் விட்டுப்போனா உங்க வீட்ல வருத்தப்படுவாங்க?" இதற்கு வரும் பதிலை அடிக்கோடு போட்டு வையுங்கள். நடக்க முடியாத ஒரு தாத்தா மண்டபத்தின் பின்வரிசை நாற்காலியில் இருப்பார், மேடை ஏறவே மாட்டார். நீங்களாகத்தான் அவரிடம் போக வேண்டும். காதில் பாம்படம் என்ற பழைய நகை போட்ட ஆச்சிமாரை இப்போது கல்யாண வீடுகளில் பார்ப்பதே அபூர்வம். ஒருவர் வந்திருந்தாலும் சன்னல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இரண்டு நிமிஷம் பேச்சுக் கொடுத்துவிட்டு எடுங்கள்.

மண்டபத்துக்குப் போனதும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டியது ஐயருக்கும் தவில்காரருக்கும். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை எந்தப் பக்கம் நிற்பார், உட்கார்ந்தபடியே கட்டுவாரா, நாத்தனார் விளக்கு பின்னால் வருமா என்று ஐயரிடம் முன்கூட்டியே கேட்டால் பிரியமாகச் சொல்வார். கெட்டிமேளம் என்று அவர் விரலை ஆட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் தவில்காரர் முகத்தில் ஒரு தயார் தெரியும். எனக்கு அதுதான் மணி. அந்த நேரம் முன்வரிசை முழுக்க எழுந்து நிற்கும், அட்சதை பறக்கும், ஆளாளுக்குக் கைபேசியைத் தூக்கிப் பிடிப்பார்கள். கீழே நின்றால் முதுகுகள்தான் கிடைக்கும். மணவறைக்குப் பக்கவாட்டில், ஐயருக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையைக் கால் மணி நேரம் முன்னாலேயே பிடித்து உட்கார்ந்துவிட வேண்டும். மூன்று முடிச்சும் விழுந்ததும் ஒரே ஒரு தடவை சபைப் பக்கம் கேமராவைத் திருப்புங்கள். குலவை போடும் பெண்கள், கண்ணைத் துடைக்கும் அப்பா எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். பல வருஷம் மேடையை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றதில் நான் இதையெல்லாம் இழந்திருக்கிறேன்.

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் தேவாலயத்தில் ஒரு கல்யாணம் என்றால் முறை வேறு. ஜெப நேரத்தில் நடமாடக் கூடாது, ஆராதனைப் பீடத்துப் பக்கம் ஏறக் கூடாது, பிளாஷ் போடலாமா என்று குருவானவரிடம் முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். மேலப்பாளையத்தில் நிக்காஹ் என்றால் ஆண்கள் பக்கம் நான், பெண்கள் பக்கம் என் மனைவி. இதற்காகவே அவள் கேமரா பழகினாள். மணப்பெண் படம் வேண்டாம் என்று அந்த வீட்டில் சொன்னால் வேண்டாம்தான். நிக்காஹ் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் கை, பக்கத்தில் நிற்கும் வாப்பாவின் முகம், இந்த இரண்டையும் எடுத்துக் கொடுத்தபோது ஒரு குடும்பம் சட்டம் போட்டு மாட்டி வைத்தது.

இனி வெளிச்சம். ஆரம்பிக்கிறவர்கள் அதிகமாக அடிபடுவது இங்கேதான், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நம் ஊரில் நிறைய முகூர்த்தங்கள் விடிவதற்கு முன்னால் வரும். நாலரை, ஆறு. சன்னலில் வெளிச்சமே இருக்காது. மேலே ட்யூப்லைட், மணவறையில் மஞ்சள் பல்பு, பின்னால் எல்.இ.டி. திரை, முன்னால் வீடியோக்காரரின் வெள்ளை லைட், நடுவில் ஹோமப் புகை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். இதை ஜேபெக்கில் எடுத்தால் பிறகு நிறத்தைச் சரிசெய்ய இடமே இருக்காது. ரா ஃபைலாக, அதாவது கேமரா பிடித்ததை மாற்றாமல் அப்படியே வைக்கும் வகையில் எடுங்கள். கேமராவின் ஒளி உணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றப் பயப்படாதீர்கள். கொஞ்சம் பொரிபொரியாக வந்த படத்தை யாரும் குறை சொன்னதில்லை. ஆட்டத்தில் கலங்கிய முகத்தைத்தான் சொன்னார்கள்.

படத்தில் குறுக்கே இருட்டுக் கோடு கோடாக விழுகிறதே என்று பலர் கேட்பார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் அந்தக் கோடு பெரும்பாலும் போய்விடும். மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கும். மண்டபத்துக்குள் அதை அணைத்துவிடுங்கள், கோடு விழுவதற்கு அது பெரிய காரணம். எல்.இ.டி. திரையின் துடிப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதல் நாள் ராத்திரியே திரையைப் போடச் சொல்லி நாலைந்து வேகத்தில் எடுத்துப் பாருங்கள். பிளாஷை மேலே திருப்பி அடிக்கும் வித்தை எல்லா மண்டபத்திலும் செல்லாது. கூரை உயரமாக இருந்தால் வெளிச்சம் திரும்பி வராது. அலங்காரத்துக்கு ரோஸ் துணியோ மஞ்சள் துணியோ கட்டியிருந்தால் அந்த நிறத்தை வாரி முகத்தில் பூசிவிடும்.

உங்கள் 50 எம்.எம். லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும், தெளிவாக விழும் ஆழம் குறையும்). ஒற்றை முகத்துக்கு அருமை. அதே திறப்பில் குடும்பப் படம் எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன். முதல் வரிசை பளிச்சென்று, இரண்டாம் வரிசையில் நின்ற சித்தப்பாமார் எல்லாரும் மங்கல். கேமராவின் சின்னத் திரையில் அது தெரியவில்லை, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. இரண்டு மூன்று வரிசை நின்றால் எஃப் 5.6 பக்கம் போய்விடுங்கள், பிளாஷ் போட்டாவது.

வெள்ளை வேட்டி, வெள்ளைக் கவுன், மின்னும் நகை இவை வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டரை ஏமாற்றும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே மீட்டர் கணக்குப் போடுகிறது. வெள்ளை நிறைந்த படத்தில் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும், மாநிறமான முகம் கறுத்துப்போகும். முகத்துக்கு அளந்து எடுக்கப் பழகுங்கள்.

முகம் என்று வந்ததால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "தம்பி, பொண்ண கொஞ்சம் கலராக்கிக் குடுங்க" என்று யாராவது கேட்பார்கள். நானும் பல வருஷம் செய்து கொடுத்தேன். ஒரு தடவை திசையன்விளைப் பக்கம் ஒரு பெண் தன் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு அண்ணே?" என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த வெட்கமும் வேதனையும் எனக்கு மறக்கவில்லை. அவளுடைய இயல்பான நிறத்தில் அவ்வளவு லட்சணமாக இருந்தாள், நான்தான் சுண்ணாம்பு பூசியிருந்தேன். அன்றிலிருந்து வெளிச்சத்தைச் சரிசெய்வேன், நிறத்தைத் தொட மாட்டேன். இப்போது முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இதனால் இரண்டு ஆர்டர் போயிருக்கிறது, போகட்டும் என்று விட்டேன்.

அடுத்தது, எடுத்ததைப் பத்திரமாக வைப்பது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் நெல்லை, தூத்துக்குடி இரண்டு மாவட்டமும் பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் புகுந்தது. என் கடை அப்போது ஜங்ஷன் பக்கத்துத் தெரு ஒன்றில், தரைத்தளம். மூன்றாம் நாள் உள்ளே போனபோது கம்ப்யூட்டர் சேற்றில் கிடந்தது. கார்த்திகையில் எடுத்த நான்கு கல்யாணம் அதற்குள். மூன்றுக்கு வீட்டில் ஒரு பிரதி இருந்தது. நான்காவதை எடுத்துவிட்டு வந்த ராத்திரி அலுப்பு, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். அந்த நாளைக்கு வரவே இல்லை, கார்டுகளையும் அழித்து அடுத்த ஆர்டருக்குக் கொண்டுபோய்விட்டேன்.

அழித்த கார்டில் மேலே புதிதாக ஏதும் எழுதாதவரை பழைய படத்தை மென்பொருள் வைத்து மீட்க வாய்ப்பு உண்டு. இரண்டு கார்டில் ஒன்றை நான் மறுபடி பயன்படுத்தவில்லை, அதிலிருந்து முகூர்த்தம் முழுக்கக் கிடைத்தது. வரவேற்பு போயே போய்விட்டது. அந்த வீட்டுக்கு நேரில் போய் உள்ளதைச் சொன்னேன், வாங்கிய பணம் முழுவதையும் திருப்பினேன். வந்திருந்தவர்கள் கைபேசியில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கி ஒரு சின்ன ஆல்பமாக்கிக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "வெள்ளம் எங்க வீட்டுக்குள்ளயும்தான் வந்துச்சுய்யா, நீ என்ன செய்வ" என்றார்கள். ஆனால் வெள்ளத்தை நான் தடுத்திருக்க முடியாது, பிரதி எடுத்திருக்க முடியும்.

அதனால் மூன்று பிரதி. கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறொரு கட்டடத்தில் ஒன்று. வேறொரு கட்டடம் என்றால் சொந்தக்காரர் வீட்டு மாடி அலமாரி போதும். மண்டபத்திலிருந்து திரும்பிய ராத்திரியே, சட்டையை மாற்றுவதற்கு முன் முதல் பிரதி ஓடத் தொடங்கிவிட வேண்டும். ஆல்பம் கைக்குப் போய்ச் சேரும்வரை கார்டை அழிக்கக் கூடாது. கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே படத்தைப் பதிய வையுங்கள்.

பண விஷயம். நண்பனுடைய அக்கா கல்யாணம் என்பதால் கேட்கக் கூச்சப்படுவீர்கள். முதல் கல்யாணத்துக்கு நான் வாங்கியது 3,500 ரூபாய், ஆல்பச் செலவு போக எனக்கு நின்றது பஸ் காசு. கல்யாணம் இரண்டு நாள்தான். படம் பொறுக்க ஒரு நாள், திருத்த நாலைந்து நாள், ஆல்பம் வடிவமைக்க, அவர்களிடம் காட்டித் திருத்த, லேபுக்கு அனுப்பி வாங்க என்று பதினைந்து நாள் கரைந்துவிடும். அந்தப் பதினைந்து நாளுக்கு உங்கள் ஊரில் ஒரு நல்ல எலக்ட்ரீஷியன் என்ன சம்பாதிப்பார் என்று கணக்குப் போட்டு, அதன்மேல் உதவியாள் கூலி, வண்டி, ஆல்ப ஷீட் விலை, கேமராத் தேய்மானம் சேர்த்துச் சொல்லுங்கள். நண்பனுக்காகக் குறைப்பதென்றால் முழுத் தொகையை எழுதி, அதில் எவ்வளவு குறைத்தீர்கள் என்றும் எழுதுங்கள். ஒரே ஒரு தாள் போதும்: எந்தெந்த நாள், எத்தனை ஷீட், எத்தனை நாளில் தருவீர்கள், பாக்கி எப்போது. இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் வேண்டும். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. கல்யாணப் பெண்ணின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட வேண்டுமென்றால் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அது அவர்கள் வீட்டு விசேஷம்.

வெளிப்புறப் படம் பற்றி உங்கள் ஊர்க்காரரிடம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாபநாசமும் மணிமுத்தாறும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் மலைக்கு மேல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவோடு உள்ளே போகாதீர்கள். ஆற்றில் இறக்கி எடுக்கும் ஆசையும் வேண்டாம். நனைந்த பட்டுப் புடவை கல்லாய்க் கனக்கும், வழுக்குப் பாறையில் கால் நிற்காது. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்து வயல் வரப்பில் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கிடைக்கும் வெளிச்சத்தைவிட நல்லது எங்கேயும் இல்லை. டிரோன் வாடகைக்குக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். 250 கிராமுக்கு உட்பட்ட சின்ன டிரோனுக்கு 2021 டிரோன் விதிகளில் சில சலுகைகள் இருந்தாலும், பாதுகாப்புக்காகச் சிவப்பு மண்டலம் என்று குறித்த இடத்தில் யாருக்கும் அனுமதி இல்லாமல் பறக்க உரிமை கிடையாது. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் எல்லாம் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. வள்ளியூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் ஆர்டர் வந்தால் டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

லென்ஸ் கேள்விக்கு இப்போது வருகிறேன். இந்தக் கல்யாணத்துக்கு எதுவும் வாங்காதீர்கள். கிட்டவும் எட்டவும் மாற்றி எடுக்கும் ஒரு 24-70 எஃப் 2.8 ஜூம் லென்ஸையும் இன்னொரு கேமராவையும் ஒரு பிளாஷையும் இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். இரண்டாவது கேமரா கட்டாயம். முகூர்த்த நேரத்தில் ஒன்று நின்றுபோனால் ஐயர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். பேட்டரி நான்கு. ஏ.சி. மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே பத்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். ஆவணியில் உங்கள் பக்கம் சாரல் இன்னும் விட்டிருக்காது, கேமராவை மூட இரண்டு நல்ல பிளாஸ்டிக் பையும் ஒரு துண்டும் பையிலேயே இருக்கட்டும்.

முந்தின நாள் சாயங்காலமே மண்டபத்துக்குப் போய்விடுங்கள். நண்பனை மணவறையில் உட்கார வைத்து நாலு மூலையிலிருந்தும் எடுத்துப் பாருங்கள். எந்த மூலையில் தூண் மறைக்கிறது, எந்தப் பக்கம் வீடியோக்காரர் நிற்பார் என்று அவரிடமே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வீடியோக்காரரோடு சண்டை போட்டு நன்றாக வந்த கல்யாணம் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. முகூர்த்தம் முடிந்ததும் ஆள் மாற்றி ஆளாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு நின்றால் மேடைப் படத்தில் கவனம் சிதறும். மொய் எழுதுகிறவரையும் பந்தி பரிமாறும் பையன்களையும் மறக்காதீர்கள்.

மறுவீட்டுக்கும் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள், அதற்குத் தனிக் காசு கேட்காதீர்கள். கேமரா ஒன்று, அந்த 50 எம்.எம். லென்ஸ் மட்டும் போதும். மாப்பிள்ளைக்குச் சொதியும் (தேங்காய்ப் பால் குழம்பு) இஞ்சிப் பச்சடியும் வைத்து, போதும் போதும் என்று அவர் இலையை மறைக்க, மாமியார் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். பெண்ணுக்கு நகைப் பாரம் இறங்கியிருக்கும், மூன்று நாள் தூக்கமும் கொஞ்சம் தீர்ந்திருக்கும். மேடை கிடையாது, இப்படி நில்லுங்கள் என்று சொல்ல ஆளும் கிடையாது. என்னிடம் ஆல்பம் வாங்கிய வீடுகளில் கூடத்துச் சுவரில் நான் அதிகம் பார்த்தது அந்தச் சொதிச் சாப்பாட்டில் எடுத்த படம்தான்.